ஓய்வு வருமுன் ஓர் ஆயத்தம்

 

சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் பணி நிறைவுப் பாராட்டு விழாவில் கலந்துகொள்ளும் வாய்ப்புக் கிட்டிற்று. மேடை நிறையச் சால்வைகள். கழுத்து நிறைய மாலைகள். பேசியவர் ஒவ்வொருவரும் அவருடைய நேர்மையையும் உழைப்பையும் வானளாவப் புகழ்ந்தனர். அலுவலக நண்பர்கள் ஒன்றுசேர்ந்து பெரியதொரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாக அளித்தனர். நேரம் பார்த்து ஓட வேண்டிய தேவை முடிந்துவிட்ட ஒருவருக்குக் கடிகாரத்தைப் பரிசளிக்கும் இவ்வழக்கத்தை யார் தொடங்கி வைத்தாரோ!

விருந்தின்போது அவர் என் அருகில் வந்தமர்ந்தார். தட்டிலிருந்த பிரியாணியை விரல்களால் அளைந்தபடியே தாழ்ந்த குரலில், "நாளைக் காலையில் எழுந்து நான் என்ன செய்வது?" என்று கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்கிறார் என்றெண்ணி நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய ஓய்வூதியக் கோப்பு பல மாதங்களுக்கு முன்பே ஆயத்தமாகிவிட்டது. பணிக்கொடை எவ்வளவு, விடுப்பு ஊதியம் எவ்வளவு, மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பெண் மக்கள் இருவரையும் நல்ல இடங்களில் மணமுடித்துக் கொடுத்துவிட்டார். பணத்தைப் பொறுத்தமட்டில் அவருக்கு யாதொரு கவலையும் இல்லை. ஆயினும், 35 ஆண்டுக்காலம் தம் காலைப் பொழுதுகளை நிரப்பியிருந்த ஒன்று மறுநாள் இல்லாமற் போகப் போகின்றது என்பதை அன்றைய மேடையில்தான் அவர் உணர்ந்திருக்கிறார்.

ஓய்வுக்காகப் பணத்தைச் சேர்க்கிறோம், வீட்டைக் கட்டுகிறோம். மனத்தை மட்டும் ஆயத்தப்படுத்த மறந்துவிடுகிறோம். இம்மாதம் அது குறித்து உங்களோடு சற்று மனம் விட்டுப் பேச விழைகிறேன். அந்நண்பரின் கேள்வி ஒரு காலத்தில் என்னுடைய கேள்வியாகவும் இருந்தது.

பச்சை மைப் புட்டி

நான் 2014 ஆம் ஆண்டு, 58 வயது நிறைவில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். அன்று தமிழக அரசு ஊழியர்க்கு அதுவே ஓய்வு வயது. 2020 இல் அது 59 ஆகவும், 2021 இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பச்சை மையில் கையொப்பமிடும் தகுதி உடையவனாய் இருந்தமையால், எங்கள் மஹல்லாவில் எனக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. கல்லூரியில் சேர்வோரும், வேலைக்கு விண்ணப்பிப்போரும் சான்றிதழ் நகல்களுடன் காலையில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து காத்திருப்பார்கள். நானும் அவர்களை அமர வைத்து, தேநீர் கொடுத்து, நான்கு வார்த்தை விசாரித்து, ஒப்பமிட்டு அனுப்புவேன். அது எனக்குச் சிறு பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற இரண்டாம் நாள் ஒரு மாணவன் வந்தான். வழக்கம்போல் அமரச் சொன்னேன். நகல்களைக் கையில் வாங்கிப் பேனாவின் மூடியையும் திறந்துவிட்டேன். அதன் பின்னரே, இனி அக்கையொப்பத்திற்கு உரிமை இல்லை என்பது நினைவில் தட்டிற்று. "தம்பி, நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்" என்றேன். அப்பிள்ளை மரியாதையாகத்தான் எழுந்தான். தேநீர் வருகின்றது, குடித்துவிட்டுப் போ என்று சொல்லியும், "நேரமாச்சு மாமா" என்று விடைபெற்றுப் போய்விட்டான்.

அவன்மீது குறையொன்றுமில்லை, கடைசி நாள் நெருங்கிவிட்ட விண்ணப்பம் அவனுக்கு. ஆனால் அன்று பகல் முழுவதும் என் நெஞ்சில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை ஆண்டுகளாய்த் திண்ணைக்கு வந்தவர்கள் என்னைத் தேடி வந்தார்களா, மையைத் தேடி வந்தார்களா? அடுத்து வந்த வாரங்களில் தொலைபேசி மணி குறைந்தது. திருமண அழைப்பிதழ்கள் குறைந்தன. உறக்கம் பின்னிரவில் கலைந்தது. காரணமின்றிச் சினம் வந்தது. மேசை மீதிருந்த பச்சை மைப் புட்டியை நான் பல மாதங்கள் அப்புறப்படுத்தவே இல்லை.

இதை என் பலவீனம் என்றே அப்போது கருதி வெட்கப்பட்டேன். பிறகு வாசித்தபோதுதான் இது எல்லா நாட்டாருக்கும் பொதுவான துன்பம் என்று தெரிந்தது. 1967 ஆம் ஆண்டு ஹோம்ஸ், ராஹே என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், மனிதரின் மனத்தைப் பாதிக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளை வரிசைப்படுத்தி மதிப்பெண் கொடுத்தனர். வாழ்க்கைத் துணையின் மரணத்திற்கு 100 மதிப்பெண். திருமணத்திற்கு 50. பணி ஓய்வுக்கு 45; வரிசையில் அது பத்தாவது இடம். திருமணத்திற்கு ஓராண்டு ஆயத்தம் செய்யும் நாம், ஏறத்தாழ அதே அளவு வாழ்வைப் புரட்டிப்போடும் ஓய்வுக்கு ஒரு நாளேனும் ஆயத்தம் செய்வதில்லை.

தேனிலவும் அதன் பின்னும்

அரசு முறைப்படி முதியோர்க்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டத்தை 1889 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டு வந்தார். அன்று அதற்குரிய வயது 70. அந்த வயதை எட்டியவர்களே அக்காலத்தில் சிலர்தாம். இன்றைய நிலை வேறு. நம் நாட்டில் 60 வயதை அடைந்த ஒருவர் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டுகள் வாழ்கின்றார். பிறந்த குழந்தை ஒன்று வளர்ந்து கல்லூரி வாசலை மிதிக்கும் காலம் அது. அத்துணை நீண்ட காலத்தை, "இனி என்ன, சாய்வு நாற்காலிதானே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலுமா?

ராபர்ட் அட்ச்லி என்ற சமூகவியலாளர் ஓய்வுக் காலத்தைச் சில கட்டங்களாகப் பகுத்துக் காட்டினார். முதலில் வருவது தேனிலவு போன்றதொரு பருவம். நெடுநாள் தள்ளிப்போட்ட உறவினர் வீடுகளுக்குச் செல்வது, விரும்பிய நேரத்தில் உறங்குவது என்று மகிழ்ச்சியாய் ஓடும். சில மாதங்களில் அது தீர்ந்து ஏமாற்றம் தலைகாட்டும். நாள்கள் நீளும், மனிதர் தம்மைப் பயனற்றவராகக் கருதத் தொடங்குவார். அதன் பின்னர் தம்மையும் தம் நாளையும் மீண்டும் சீரமைத்துக்கொள்ளும் பருவம். இறுதியாக ஒரு நிலையான ஒழுங்கு. எல்லோரும் இதே வரிசையில் செல்வதில்லை. முன்கூட்டியே ஆயத்தமானவர்கள் ஏமாற்றப் பருவத்தை விரைவில் கடந்துவிடுகின்றனர். ஆயத்தமில்லாதோர் சிலர் அதிலேயே அமர்ந்துவிடுகின்றனர்.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் இறைவனின் இருபெரும் அருட்கொடைகள் என்றும், மக்களில் பலர் அவ்விரண்டிலும் இழப்புக்குள்ளாகின்றனர் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்த்தியிருப்பதை ஜும்ஆ உரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஓய்வு என்பதும் கணக்குக் கேட்கப்படும் ஒரு செல்வம் என்பது, அதைக் கையில் பெற்ற பின்னரே எனக்கு உறைத்தது.

அடுக்களையில் ஒரு மேலதிகாரி

ஓய்வு பெறுபவரின் மனநிலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவர் வந்து அமரப்போகும் வீட்டின் மனநிலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காலை ஒன்பது மணிக்குக் கணவர் புறப்பட்டுச் சென்றபின், அவ்வீடு முழுவதும் இல்லத்தரசியின் ஆட்சியில் இருந்து வந்திருக்கின்றது. எப்போது உலை வைப்பது, எப்போது தொழுவது, எப்போது சற்றுக் கண்ணயர்வது, பக்கத்து வீட்டு மாமியுடன் எப்போது பேசுவது என்று அவருக்கென ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு திங்கட்கிழமை முதல், கேட்பாரின்றி அவ்வொழுங்கிற்குள் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்துவிடுகிறார்!

ஜப்பானியப் பெண்கள், ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் கணவரை 'ஈரச் சருகு' என்று கேலியாகச் சொல்வதுண்டு. துடைப்பத்தால் எத்தனை முறை கூட்டினாலும் நகராமல் ஒட்டிக்கொள்ளுமாம்! அந்நாட்டு மருத்துவர் ஒருவர் 1991 ஆம் ஆண்டில், கணவரின் ஓய்வுக்குப் பிறகு மனைவியருக்கு வரும் உடல், மன நலக் குறைவுகளுக்குத் தனியாக ஒரு பெயரே சூட்டினார்.

என் இல்லத்திலும் இது நிகழ்ந்தது. மூன்றாம் வாரம், பொழுது போகாமல், அடுக்களைக்குள் புகுந்து மசாலா டப்பாக்களையெல்லாம் கோப்புகளைப் போல் அகர வரிசையில் அடுக்கிவைத்தேன். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்டதாக எனக்கு எண்ணம். மாலையில் சோம்பு டப்பாவைத் தேடித் தேடிச் சலித்த என் துணைவியார் வந்து நின்று சொன்னார்: "ஆபிஸ்ல நீங்க பெரிய அதிகாரியா இருந்திருக்கலாம். இந்த அடுப்படியில முப்பத்திரண்டு வருஷமா நான் ஒருத்திதான். எனக்கு மேலே ஒரு அதிகாரி வேணாம். உதவிக்கு ஆள் வேணும்னா சொல்லுங்க, சேர்த்துக்கறேன்."

முதலில் சினம் வந்தது. அன்றிரவு சிந்தித்தேன். எனக்கு ஓய்வு கொடுத்த அரசு, அவருக்கு ஓய்வு கொடுக்கவில்லை. 58 வயது நிறைந்ததென்று அவருக்கு யாரும் சால்வை போர்த்தவில்லை. நான் வீட்டில் இருப்பதால் அவருக்குத் தேநீர் இரண்டு வேளை கூடியிருந்தது. விருந்தினர் வருகை கூடியிருந்தது. தனிமை மட்டும் பறிபோயிருந்தது. மறுநாள் காலை நானே சென்று, "காய் நறுக்கும் வேலை காலியாக இருக்கிறதா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அன்று முதல் வெங்காயம் உரிப்பதும், மீன் வாங்கி வருவதும், மதியம் உண்ட தட்டுகளைக் கழுவுவதும் என் பொறுப்பு. லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கூடத்தில் அவருக்குரிய நேரம். அப்போது நான் நூலகத்திற்குச் சென்றுவிடுவேன்.

ஆகவே ஓய்வை எதிர்நோக்கியிருக்கும் சகோதரர்களே! ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போதே உங்கள் துணைவியாருடன் அமர்ந்து பேசுங்கள். "நான் வீட்டில் இருக்கப் போகிறேன், உன் நாள் எப்படிச் செல்கின்றது, அதில் எனக்கு எங்கே இடம்?" என்று கேளுங்கள். சகோதரிகளே! நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். சொல்லப்படாத மனக்குறைதான் முதுமையில் கசப்பாக முற்றுகின்றது.

"எப்ப பயணம்?"

நம் சமுதாயத்தில் ஓய்வு என்றதும் அரசு ஊழியரை மட்டும் எண்ணுவது போதாது. 1973 இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகள் செழித்த பின், நம் ஊர்களிலிருந்து இலட்சக்கணக்கானோர் அங்கு சென்றனர். அவர்களில் முதல் தலைமுறையினர் பெரும்பாலும் திரும்பிவிட்டனர். அடுத்த தலைமுறையினர் இப்போது திரும்பிக்கொண்டிருக்கின்றனர். இவர்களின் ஓய்வு வேறு வகையானது. அரசு ஊழியரின் ஓய்வைவிடக் கடினமானது.

அங்கே நம்மவர்க்கு மாதாந்திர ஓய்வூதியம் என்பது கிடையாது. பணி முடிவில் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம்; அதன் பின்னர் ஆண்டொன்றுக்கு 30 நாள் ஊதியம். 2000 திர்ஹம் அடிப்படை ஊதியத்தில் 20 ஆண்டுகள் உழைத்தவருக்கு மொத்தம் 555 நாள். அதாவது 37,000 திர்ஹம். தங்குமிடப் படி, உணவுப் படி எதுவும் இக்கணக்கில் வாரா. இதைத் திரும்பும் நாளில் அறிந்து திகைப்பதைவிட இன்றே அறிந்துகொள்வது நன்று.

பணத்தைவிடப் பெரிய திகைப்பு ஒன்றுண்டு. கடற்கரையூர் ஒன்றைச் சேர்ந்த என் இளமைக்கால நண்பர் 1986 இல் சென்று 2016 இல் முடித்துக்கொண்டு வந்தவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. கூட்டிப் பாருங்கள்: முப்பது ஆண்டு இல்லறத்தில் மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் அவர் வாழ்ந்தது முப்பது மாதங்கள். விடுமுறையில் வரும்போதெல்லாம் அத்தர் மணக்கும் பெட்டிகளுடன் விருந்தாளியாய் வந்தவர், இம்முறை பெட்டியின்றி வந்து தங்கிவிட்டார். தெருவில் எதிர்ப்பட்டோர் பழைய பழக்கத்தில், "எப்ப வந்தீக? எப்ப பயணம்?" என்று கேட்டனர். "இனிப் பயணம் இல்லை" என்று சொல்லும்போதெல்லாம், ஏதோ தவறு செய்தவர் போல் அவருக்குக் கூச்சமாயிருந்ததாம்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழ்வது வழக்கம் என்பதை அறிவீர்கள். நண்பருடைய ஊரும் அத்தகையதே. தம் பணத்தில் புதுப்பித்த வீடாயினும், நரைத்த பின்னரும் அங்கே அவர் மாப்பிள்ளைதான். பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், நல்லது கெட்டது அனைத்தையும் அவர் துணைவியாரே முன்னின்று நடத்தியிருந்தார். முடிவு கேட்கப் பிள்ளைகள் தாயிடமே சென்றனர். இவர் கூடத்தில் நுழைந்தால் பேச்சு நின்றது. ஒருநாள் நான்கு வயதுப் பேரன் மடியில் அமர்ந்து, "வாப்பிச்சா, நீங்க எப்ப திரும்பிப் போவீங்க?" என்று கேட்டபோது, அவர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய் வெகு நேரம் அமர்ந்திருந்ததாக என்னிடம் சொன்னார்.

மீண்டும் விசா எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று எண்ணியவரைத் தடுத்தது அவருடைய துணைவியாரின் சொல்: "முப்பது வருஷம் நாங்க உங்களுக்காகக் காத்திருந்தோம். ஒரு வருஷம் நீங்க எங்களுக்காகக் காத்திருக்கக் கூடாதா?"

காத்திருந்தார். முதல் ஆண்டில் எந்த விஷயத்திலும் தீர்ப்புச் சொல்வதில்லை என்று உறுதி செய்துகொண்டார். குடும்பக் கணக்கு நோட்டைத் துணைவியாரே தொடர்ந்து எழுதி வரட்டும் என்றார். பேரனை நாள்தோறும் மதரஸாவுக்கு அழைத்துச் செல்லும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அரை மைல் நடை, அவ்வளவுதான். அந்த அரை மைலில் பேரன் சொன்ன கதைகள் வழியாகவே தம் வீட்டை அவர் அறிந்துகொண்டார். இன்று அவ்வீட்டில் பேச்சு அவரைக் கண்டு நிற்பதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயலுமாயின், முடித்துக்கொண்டு வருவதற்கு முன் ஒருமுறையேனும் மூன்று நான்கு மாதங்கள் ஊரில் வந்து தங்குங்கள்; விருந்தும் பயணமும் இல்லாத சாதாரண நாள்களில் தங்குங்கள். தொலைபேசியில் பணம் வந்ததா என்று கேட்கும் நேரத்தில், பிள்ளையின் நண்பர்கள் யார், அவன் எதற்கு அஞ்சுகிறான் என்றும் கேளுங்கள். நீங்கள் ஓய்வு பெற்று வாழப்போகும் இடம் அப்பிள்ளையின் மனம்.

முன்கூட்டியே செய்யத்தக்கவை

முதலாவதாக, பதவியின்றி உங்களை நீங்களே அறிமுகம் செய்துகொள்ளப் பழகுங்கள். "நான் இன்ன அலுவலகத்தில் இன்ன அதிகாரி" என்பதை நீக்கிவிட்டால் உங்களைப் பற்றிச் சொல்ல என்ன மிஞ்சுகின்றது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாய் இருந்தால் அஞ்ச வேண்டாம். நிரப்ப இன்னும் காலம் இருக்கின்றது.

இரண்டாவதாக, ஓய்வுக்குப் பின் செய்ய விரும்புவதை ஓய்வுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். நாகூரில் 1921 இல் பிறந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிப் பொறுப்பை 1981 இல் துறந்தபின், 2005 இல் மறையும்வரை தமிழ் இலக்கியத் தொண்டிலேயே வாழ்ந்தார். பதவி போன பிறகு அவர் கம்பனைக் கையில் எடுக்கவில்லை. நீதிபதியாய் இருந்தபோதே அதில் ஆழ்ந்து எழுதியும் பேசியும் வந்தார். அப்துல் கலாம் அவர்கள் 2007 இல் குடியரசுத் தலைவர் மாளிகையை விட்டு வெளியேறியதும் மாணவர்களிடம் சென்றார். 2015 ஜூலை 27 அன்று, தம் 83 ஆம் வயதில், ஷில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருக்கையிலேயே உயிர் நீத்தார். அவ்வளவு பெரியவர்களாய் நாம் இருக்க வேண்டியதில்லை. ஓதும் முறையைத் திருத்தமாகக் கற்பது, தோட்டம் இடுவது, தையல், தச்சு, ஊர் வரலாற்றைத் திரட்டுவது என எதுவாயினும் ஐம்பத்தைந்து வயதில் விதைத்தால் அறுபதில் நிழல் தரும்.

மூன்றாவதாக, நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். இவ்வகையில் நாம் பேறு பெற்றவர்கள். ஐவேளைத் தொழுகை நம் நாளை ஏற்கெனவே ஐந்தாகப் பகுத்துத் தந்திருக்கின்றது. சுப்ஹுக்குப் பின் நடை, லுஹருக்கு முன் வீட்டு வேலை, அஸருக்குப் பின் நண்பர்கள் அல்லது பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கடமையை வைத்துக்கொண்டால் நாள் நம்மை விழுங்காது.

நான்காவதாக, உடல். "ஓய்வு பெற்றதும் ஹஜ்ஜுக்குச் செல்லலாம்" என்று வசதியிருந்தும் தள்ளிப்போடுவோர் பலர். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை செல்வது மட்டுமே சுமார் மூன்று கிலோமீட்டர் நடை. அதற்கு மேல் தவாஃப், மினா, அரஃபா. பணம் கையில் சேரும் நாளில் முழங்கால் கைவிட்டிருக்கக் கூடும்.

உடலோடு மனத்தையும் கவனிக்க வேண்டும். வாரக்கணக்கில் உறக்கமின்மை, பசியின்மை, யாரையும் காண விருப்பமின்மை நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள்; அது ஈமானின் குறைவு ஆகாது. முதியோர்க்கான 14567, மனநலத்திற்கான 14416 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்களும் அரசால் நடத்தப்படுகின்றன.

ஐந்தாவதாக, சொத்து. ஓய்வுத் தொகை கைக்கு வந்த மகிழ்ச்சியில், வீட்டையும் பணத்தையும் உடனே பிள்ளைகள் பெயருக்கு மாற்றிவிட்டுப் பின்னர் வருந்துவோரைக் காண்கிறோம். அன்பளிப்பில் மக்களிடையே நீதம் பேணுவது நம் மார்க்கம் வலியுறுத்துவது. தம்மைக் காத்துக்கொள்வதும் நீதமே. எழுதிக் கொடுப்பதாயின், பெற்றோரை உணவு, உறையுள், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அந்நிபந்தனை மீறப்பட்டால் மாற்றத்தைச் செல்லாததாக்கக் கோரும் உரிமையை, 2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தருகின்றது. வாரிசல்லாதோர்க்கோ அறப்பணிக்கோ தர விரும்புவதை மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத்தாக எழுதி வைத்துவிட்டால் மனம் இலேசாகும்.

மாற்று நாற்காலி தேடாதீர்

ஒன்றைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்களில் சிலர், இழந்த நாற்காலிக்கு மாற்றாக மஹல்லா ஜமாஅத் நிர்வாகத்தையோ, சங்கத் தலைமையையோ நாடி வருகின்றனர். அனுபவசாலிகளின் தொண்டு ஜமாஅத்துக்குத் தேவைதான். ஆனால் தொண்டு செய்ய வருவதற்கும், கட்டளையிட ஓர் இடம் தேடி வருவதற்கும் வேறுபாடுண்டு. எத்தனை ஊர்களில், அலுவலகத்தில் முடிந்துபோன அதிகாரத்தைப் பள்ளிவாசலில் தொடர முயன்றதால் பிளவுகள் நேர்ந்திருக்கின்றன! பதவியின்றி ஓராண்டு பள்ளியின் கணக்கெழுத உதவுங்கள்; மதரஸாப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுங்கள். அதில் மனம் நிறைந்தால், உங்களுக்கு நாற்காலி தேவைப்படவில்லை என்று பொருள்.

எனக்கு அந்நிறைவு எதிர்பாராத வகையில் வந்தது. ஓய்வு பெற்ற ஏழெட்டு மாதங்களுக்குப் பின், தெருவில் வசிக்கும் கைம்பெண் ஒருவர் உதவித்தொகைக்கான மனுவை எழுதத் தெரியாமல் என் துணைவியாரிடம் வந்தார். நான் எழுதிக் கொடுத்தேன். எந்த அலுவலகத்தில், யாரிடம், எந்த இணைப்புகளுடன் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன். அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. செய்தி பரவிற்று. இப்போது செவ்வாய், வியாழக் கிழமைகளில் அஸருக்குப் பின் என் திண்ணையில் ஆறேழு பேர் இருப்பார்கள். பட்டா மாற்றம், பிறப்புச் சான்று, கல்வி உதவித்தொகை என்று எதையாவது எழுதிக்கொண்டிருக்கிறேன். சில வேளைகளில், அன்று தேநீர் குடிக்காமல் போன அதே பிள்ளை தன் மகனுடன் வந்து உட்காருகிறான். இப்போது தேநீர் குடித்துவிட்டுத்தான் போகிறான்.

கையொப்பமிடும் உரிமை போயிற்று. முப்பதாண்டுகளாகக் கற்ற தொழில் அறிவு போகவில்லை. அது பதவிக்கு உரியதன்று, எனக்கே உரியது என்று உணர இத்தனை நாள் பிடித்தது. பச்சை மைப் புட்டியைப் பேத்தி கேட்டாள், கொடுத்துவிட்டேன். அவள் வரையும் படங்களில் இலைகளெல்லாம் இப்போது அரசாங்கப் பச்சைதான்!

விழாவில் என்னிடம் கேள்வி கேட்ட நண்பருக்கு அன்று பதில் சொல்ல என்னால் இயலவில்லை. சென்ற வாரம் வீட்டிற்கு வரவழைத்து இவற்றைச் சொன்னேன். யோசித்தார். கணக்கியலில் வல்லவர் அவர். செவ்வாய்க்கிழமை முதல் திண்ணையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்திருக்கிறது.

உங்கள் வீட்டில் ஓய்வை நெருங்கிக்கொண்டிருப்பவர் யாரேனும் இருப்பின், சால்வை வாங்குவதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: "மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?" அவர் விடை சொல்லும்வரை பொறுமையாக உடன் அமர்ந்திருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.